தானாக நின்றுவிடும் கணினியும் அத்தானின் சனிக்கிழமைகளும்

அத்தான் இறந்து, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் காலை அக்கா என் வீட்டுக்கு வந்தார். கதிரையை இழுத்துப் போட்டேன். இருக்கவில்லை. நின்றபடியே கேட்டார்.

“உன்ர பழைய கொம்பியூட்டர் இன்னும் கிடக்கோ?”

“கிடக்கு. ஏன்?”

“அதிலை அவர் எழுதினது இருக்குமெல்லோ. எனக்கு அதை வாசிக்க வேணும்.”

இருந்தது உண்மைதான். துறைமுகப் பக்கம் இருக்கிற இந்த வீட்டின் முன்னறையில்தான் நான் பல வருடங்கள் தட்டச்சு வேலை செய்து பிழைத்தேன். விண்ணப்பங்கள், கல்யாண அழைப்பிதழ்கள், கோயில் நோட்டீஸ்கள், இடமாற்றம் கேட்டு ஆசிரியர்கள் எழுதும் நீண்ட கண்ணீர்க் கடிதங்கள் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் அடித்தேன். நான் கல்யாணம் கட்டவில்லை. அதற்குக் கணினி காரணமில்லை என்றாலும், ஊரில் சிலர் அப்படித்தான் நம்பினார்கள். வாங்கும்போது வெள்ளை வெளேரென்று இருந்தது. இப்போது வெற்றிலை போடுகிறவரின் பல் நிறத்துக்கு வந்துவிட்டது. மடிகணினி வாங்கிய பிறகும் அதை வீச மனம் வராமல் மேசையிலேயே வைத்திருந்தேன்.

அந்த நாட்களில் அத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்னேரம் வருவார். துறைமுகத்தில் கப்பலால் இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலை அவருக்கு. எண்ணிக்கை தவறிவிடும் என்று வேலை நேரத்தில் வாய் திறப்பதில்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். என் கணினிக்கு முன்னால் இருந்து இரண்டு விரலால் கால் மணித்தியாலம் ஏதோ அடிப்பார். தேத்தண்ணி குடிப்பார். போய்விடுவார். வீட்டிலேயே ஒரு கொப்பியில் எழுதலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

“கொப்பியில எழுதினால் உன்ர அக்கா வாசிப்பா,” என்றார். அவர் என்னிடம் சொன்ன நீளமான வசனங்களில் அதுவும் ஒன்று.

நான் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. எனக்குக் குறைகள் ஏராளம். ஆனால் தட்டச்சுக்காரிக்கு ஒரு ஒழுங்கு உண்டு. மற்றவர்களின் கடிதத்தைக் கை அடிக்க வேண்டும், தலை மறக்க வேண்டும். பார்க்கிற ஆசை இருக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆசை தாராளமாக இருந்தது.

“எனக்கு எல்லாம் வேண்டாம்,” என்றார் அக்கா. “ஒப்பரேசன் நாள் என்ன எழுதினவர் எண்டு மட்டும் பாக்க வேணும்.”

இந்த இடத்தில் இரண்டு றோல்ஸ் கதையைச் சொல்லாவிட்டால் அக்காவை விளங்காது. இருபது வருடத்துக்கு முன்னால் அவருக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஏதோ சிக்கலாகி, ஒன்றரை மணித்தியாலம் என்று சொன்னது நாலரை மணித்தியாலம் இழுத்தது. மயக்கம் தெளிந்து கண் திறந்ததும் அத்தானைப் பார்த்து, “சாப்பிட்டீங்களோ?” என்று கேட்டிருக்கிறார். அத்தான், “ஓம். ரெண்டு றோல்ஸ்,” என்றிருக்கிறார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அக்கா அதைச் சொல்லாத இடமில்லை. “நான் சாவோட போராடிக்கொண்டிருக்க, இந்த மனிசன் தேத்தண்ணிக் கடையில நிண்டு பொரிச்ச றோல்ஸ் ரெண்டு சாப்பிட்டவர்,” என்று கல்யாண வீட்டில் சொன்னார், பிறந்தநாளில் சொன்னார், அத்தானை முன்னால் வைத்துக்கொண்டே சொன்னார். அத்தான் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை. நாங்களெல்லாம் சிரித்தோம். நான்தான் எல்லாரையும்விடக் கூடச் சிரித்தவள்.

அன்றைக்கு அக்கா சிரிக்கிற முகத்தோடு வரவில்லை.

“நாப்பத்தொரு வருசம் ஒரு மனிசனோட இருந்திட்டன். நான் செத்திருந்தால் அந்தாளுக்கு மனசில என்னவும் செய்திருக்குமோ எண்டு எனக்குத் தெரியாது. அது தெரியாமல் நான் பிளேன் ஏற ஏலாது.”

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கையோடு அக்கா வெளிநாட்டில் இருக்கிற மகளிடம் போவதாக ஏற்பாடு. ஆகவே எங்களுக்கு மூன்று கிழமை இருந்தது. ஒரு கோப்பைத் திறக்க மூன்று கிழமையா என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டே மின்பொத்தானை அழுத்தினேன்.

மின்விசிறி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. பீப் என்றது. அக்கா கதிரையில் இருந்தார். பெட்டி நின்றுவிட்டது.

மறுபடி அழுத்தினேன். ஐந்தாறு தடவை குத்திய பிறகுதான் உயிர் வந்தது. வயது போனால் ஒரு தடவை கூப்பிட்டதும் எழும்ப ஏலாதுதானே என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்த முறை கொஞ்சம் தூரம் போனது. திரையில் ஒரு அறிவித்தல் வந்தது: கடைசித் தடவை நீங்கள் என்னை முறைப்படி நிறுத்தவில்லை, ஆகவே கோப்புகள் இருக்கிற வட்டைச் சோதிக்கப்போகிறேன் என்ற கருத்தில். தானாக நின்றுவிட்டு என்னைக் குற்றம் சொல்கிறது. சோதனை கால்வாசி தாண்டும் முன்பே மறுபடி நின்றது. அடுத்த முறையும் அதே குற்றச்சாட்டு, அதே சோதனை.

“உனக்கு இது ஏலுமோ?” என்றார் அக்கா.

எனக்குக் கோபம் வந்தது. இருபத்தைந்து வருடம் இந்தப் பெட்டியோடு குடித்தனம் நடத்தியவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

முதலில் கறண்டில் பழி போட்டேன். மாரி காலம், மின்சாரம் ஏறி இறங்கும். வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தேன். குசினிக்கு இழுத்துப்போய் குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கில் போட்டுப் பார்த்தேன். மின்சாரத்தைச் சீராக்கும் கருவி ஒன்று புதிதாக வாங்கி வந்தேன். அது வந்த அட்டைப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்வர, எங்கள் ஊர்த் தெருக்களில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று அதில் பாதியைத் தின்றுவிட்டது. அந்தக் கருவியால் பயன் கண்டது அந்த மான் மட்டும்தான்.

அடுத்து உப்புக்காற்று. எங்கள் ஊரில் எது பழுதானாலும் கடைசியில் உப்புக்காற்றில்தான் கொண்டுபோய் முடிப்போம். பக்க மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்த தூசியில் ஒரு தலையணை தைக்கலாம். பல்லி முட்டைக் கோது ஆறு. காய்ந்துபோன பல்லி ஒன்று. எல்லாவற்றையும் பெயின்ட் அடிக்கிற தூரிகையால் கூட்டி எடுத்து, விசிறிக்கு ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். சத்தமே இல்லாமல் சுற்றியது. சத்தமே இல்லாமல் நின்றது.

பத்து நாள் ஓடிவிட்டது. அக்கா தினமும் காலையில் வருவார். வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார். பேச்சுக்காரி பேசாமல் போவது எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

வேறு வழியில்லாமல் திருத்துகிற ஆளைக் கூப்பிட்டேன். தம்பலகாமத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். ரீவி திருத்தி, பிறகு கணினிக்கு மாறியவர். வயலும் உண்டு. விதைப்பு நேரம் என்றபடியால் உடனே வரவில்லை.

“மிஸ், வயல் பக்கம் ஆனை நிக்குது. ரெண்டு நாள் பொறுங்கோ,” என்றார் தொலைபேசியில். ஆனைக்கு முன்னால் நான் என்ன அவசரம் சொல்வது.

வந்தவர் மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, என் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“இதை இப்பவும் வைச்சிருக்கிறீங்களோ?”

“பழுதை மட்டும் பாருங்கோ.”

பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தார். நின்றது. பித்தான் அளவு மின்கலத்தை மாற்றினார். நின்றது. அதற்குப் பிறகு ஒரு நல்ல யோசனை சொன்னார்: கோப்பு இருக்கிற வட்டைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பலாம், இந்தப் பழைய வகை வயர் பூட்டுகிற ஆட்கள் அங்கே இருக்கிறார்கள், எல்லாவற்றையும் எடுத்துத் தருவார்கள்.

“எடுக்கிற ஆக்கள் வாசிப்பினமோ?” என்று கேட்டார் அக்கா.

“சரியா வந்திருக்கோ எண்டு பாக்கிறதுக்குத் திறந்து பாப்பினம், அம்மா.”

“அப்ப வேண்டாம். இது இந்த வீட்டை விட்டு வெளிக்கிட ஏலாது.”

திருத்த வந்தவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பாவம், மறுபடி குனிந்து பக்க மூடி, முன் மூடி எல்லாவற்றையும் கழற்றி வைத்தார். பெட்டி முகமில்லாமல், தகரமும் வயருமாக நின்றது. தகரத்தில் ஒட்டியிருந்த சின்ன சுவிச்சை விரல் நுனியால் அழுத்தினார். ஓடியது. வட்டுச் சோதனை முடிந்தது. முதல் தடவையாகத் திரையில் பழைய நீல நிறம் முழுதாக வந்தது. அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம், நிற்கவே இல்லை.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கண்ணால் அந்த மனிதரைக் காட்டினார். பிற ஆள் இருக்கும்போது திறக்கக்கூடாது என்று அர்த்தம். அவரோ வேலை பிடித்த சந்தோசத்தில், தேத்தண்ணி குடித்து, கப்பாசிற்றர் பற்றிப் பேசி, ஆனை பற்றிப் பேசி, பெட்டியை நிறுத்தி, அவசரமில்லாமல் எல்லா மூடியையும் திரும்பப் பூட்டி, “இனிப் பிரச்சினை இல்லை, மிஸ்,” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார். தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டது. நான் பொத்தானை அழுத்தினேன். ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நின்றது.

அக்கா அழவில்லை. எழும்பிச் சேலையைச் சரி செய்துகொண்டு, “விடு. அவர் சொல்ல விருப்பமில்லை எண்டால் விடு,” என்றார். எனக்குத்தான் அழுகை வந்தது. செத்துப்போனவர் மேல், இந்தப் பெட்டி மேல், தம்பலகாமத்து ஆனை மேல் எல்லாம் கோபம் வந்தது.

அன்று மத்தியானம் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். நாட்காட்டியின் பின்பக்கத்தில் நான் குறித்து வைத்திருந்ததை எடுத்துப் பார்த்தேன். எத்தனை மணிக்குப் போட்டேன், எவ்வளவு நேரம் ஓடியது என்று இத்தனை நாளாகக் குறித்திருந்தேன். மழை பெய்த காலைகளில் நாலு நொடி. வெயில் எறிக்கிற மத்தியானங்களில் ஐந்து நிமிடம், எட்டு நிமிடம். திருத்த வந்தவர் சூட்டினால்தான் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சூட்டுக்கு நிற்கிற பெட்டி வெயில் நேரத்திலா கூட நேரம் ஓடும்? இதற்குச் சூடு காரணமில்லை, ஈரம் என்று பிடிபட்டது. இன்னொன்றும் பிடிபட்டது. முகத்தைக் கழற்றினால் ஓடுகிறது, பூட்டினால் நிற்கிறது. அப்படியானால் நோய் முகத்தில்.

அப்போதுதான், திருத்த வந்தவர் பெட்டியை நிறுத்தும்போதெல்லாம் அந்தச் சுவிச்சை அமத்திப் பிடித்துக்கொண்டு நாலு எண்ணியது ஞாபகம் வந்தது. இந்த வகைக் கணினியில் பொத்தானை அமத்தியபடி வைத்திருந்தால், நாலு நொடியில் தானே நின்றுவிடும். நான் எழும்பிப் போய்ப் பொத்தானைப் பார்த்தேன். அது உள்ளே அமுங்கியபடியே இருந்தது. விரலை எடுத்து எவ்வளவு நேரமாயிற்று, அது வெளியே வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதைப் பார்த்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஒவ்வொரு வருடமும் வாணி விழா முடிவில், சரஸ்வதி பூசையில், புத்தகம், கத்தரிக்கோல், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். கணினிக்கும் வைப்பேன், சோறு போட்டது அது. எங்கே வைப்பது? நெற்றி மாதிரி வட்டமாக ஒரே ஒரு இடம்தான் அதில் உண்டு. வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. பன்னீரில் குழைத்த சந்தனம், கொஞ்சம் தாராளமாக, இருபத்தைந்து வருடம். அது பொத்தானின் விளிம்பால் உள்ளே இறங்கி, காய்ந்து, அடுத்த வருடச் சந்தனம் அதற்கு மேல் இறங்கி, மாரியில் ஊறிப் பொத்தானைப் பிடிக்கும். வெயிலில் காய்ந்து பாதி விடும். பாதி விட்ட நேரத்தில் நான் பொறுமையிழந்து விசைகளைத் தட்டினால், மேசை அதிர்ந்து திரும்ப அமுங்கும். நான் மின்சார சபையைத் திட்டியிருக்கிறேன். கடலைத் திட்டியிருக்கிறேன். பிழை என் மோதிர விரலில் இருந்தது.

உடனே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பத்து நிமிடத்தில் ஓட்டோவில் வந்து இறங்கினார். முன் மூடியைக் கழற்றி உட்பக்கத்தைக் காட்டினேன். மஞ்சளும் சிவப்புமாக, விரல் தடிப்புக்குச் சந்தனக்கட்டி ஏறியிருந்தது.

“நீ கொம்பியூட்டருக்குப் பூசை செய்தனியோ, சமாதி கட்டினனியோ?” என்றார் அக்கா. எட்டுச் செலவுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பகிடி அது. எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

முன் மூடியைக் குசினியில் சுடுநீரில் ஊறவைத்தோம். சாமிக்கு வைத்ததைப் பல் தீட்டுகிற பிரஷால் உரஞ்சலாமா என்று அக்கா யோசித்தார். உரஞ்சாவிட்டால் வாசிக்க ஏலாது என்றேன். பிரஷைப் பறித்து அவரே உரஞ்சத் தொடங்கினார். கழுவிய மூடியை வெயிலில் காயவைத்துவிட்டு, முகமில்லாத பெட்டியின் சுவிச்சை அழுத்தினேன். வழக்கமான குற்றச்சாட்டைப் படித்தது, வட்டைச் சோதித்தது, நீலத் திரைக்கு வந்தது. நாலு நொடி போனது, நாலு நிமிடம் போனது. அக்கா கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார்.

ஊரில் பாதிப் பேரின் விண்ணப்பங்களுக்கு இடையில், ‘சனி’ என்று பெயர் வைத்த கோப்பு ஒன்று கிடந்தது. திறந்தேன். பழைய எழுத்துருவில் தமிழ் ஒழுங்காக வந்தது. நான் வாசிக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தார்.

கதை எழுதியிருப்பார், வாழ்க்கை வரலாறு எழுதியிருப்பார் என்று நான் நினைத்தது எல்லாம் பிழை. அத்தான் மூட்டை குறிக்கிற மாதிரியே எழுதியிருந்தார்.

*சனி. காற்று. கப்பல் இல்லை. சூரைக் குழம்பு. புளி அதிகம். சொல்லவில்லை.*

*சனி. மழை. கூரை இரண்டு இடத்தில் ஒழுக்கு. அவள் மூன்று என்கிறாள்.*

“மூண்டு தான்,” என்றார் அக்கா.

*சனி. கப்பல் இரண்டு. கால் நோவு. புதுச் சேலை உடுத்தாள். நிறம் நல்லம். சொல்லவில்லை.*

அக்கா அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றார். எந்தச் சேலை என்று தேடுகிறார் என்று தெரிந்தது. பிறகு கையைக் காட்டினார். நான் கீழே, கீழே போனேன். சனி, சனி, சனி. ஒவ்வொன்றும் ஒரு வரி, ஒன்றரை வரி. கடைசியில் தேடியது வந்தது. மற்றவற்றைவிட நீளமாக இருந்தது.

*சனி. போன செவ்வாய் ஒப்பரேசன். எட்டு மணியிலிருந்து பன்னிரண்டரை வரை வாசல் வாங்கில் இருந்தேன். இடம் மாறவில்லை, கூப்பிட்டால் கேட்காது. இரண்டு மணிக்குக் கண் திறந்தாள். சாப்பிட்டீங்களோ என்று கேட்டாள். இரண்டு றோல்ஸ் என்று சொன்னேன். சாப்பிடவில்லை என்று சொன்னால் எழும்பப் பார்ப்பாள்.*

அவ்வளவுதான். அதற்குக் கீழே அடுத்த சனி தொடங்கியது.

நான் அக்காவின் பக்கம் திரும்பவில்லை. திரும்ப எனக்குத் தைரியம் இருக்கவில்லை. எத்தனை கல்யாண வீட்டில் அந்தக் கதைக்கு நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன், அத்தான் ஒரு மூலையில் நின்று அதைக் கேட்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது. துறைமுகத்தில் கப்பல் ஒன்று நீளமாக ஊதியது. அக்கா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார், போட்டார், அந்த வரிகளை இன்னொரு தடவை முதலிலிருந்து வாசித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

“பொய்க்காரன்,” என்றார் கடைசியில்.

பிறகு என் முழங்கையைத் தொட்டார்.

“கீழ போ. அண்டைக்குப் பிறகாவது சாப்பிட்டவரோ எண்டு பார்.”